ஒரே கணக்கை ஐந்து தடவை எழுதுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறோம். தொழில் பக்கத்தில் ஏற்றுமதி பற்றி எழுதும்போதெல்லாம் துறைமுகம், நாலு வழிச் சாலை, வங்கிக் கடன், மின் கட்டணம் என்று வருகிறது. எல்லாமே எழுத வேண்டியதுதான். ஆனால் என்னைப் போன்றவர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை எதோடு மல்லுக்கட்டுகிறோமோ அதைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்பேட்ச், பில்லிங் இரண்டையும் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக அதே மேசை. எங்கள் பட்டறையில் சி.என்.சி. லேத்தில் புஷ், பின், ஸ்பேசர், சில வகை ஸ்பெஷல் போல்ட்டு கடைகிறோம். அவை சென்னைப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளுக்குப் போய், அங்கே இன்னொரு பாகத்தோடு சேர்ந்து, கடைசியில் எந்த நாட்டிலோ ஓடும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எங்களுக்கு ஐந்து வாடிக்கையாளர்கள். ஐந்து பேருக்கும் ஐந்து போர்ட்டல், ஐந்து பாஸ்வேர்டு, ஐந்து விதமான லேபிள். எங்கள் கம்பெனிக்கே ஐந்து பேர் ஐந்து வெண்டார் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு லோடு கிளம்ப வேண்டுமென்றால் முதலில் எங்கள் கணக்கு சாப்ட்வேரில் இன்வாய்ஸ் போட வேண்டும், அதே எண்களை வாடிக்கையாளர் போர்ட்டலில் ஏ.எஸ்.என். என்று, அதாவது பொருள் வருகிறது என்ற முன்னறிவிப்பாக, மறுபடி அடிக்க வேண்டும், லேபிளில் மறுபடி, இ-வே பில்லில், அதாவது சரக்கு சாலையில் போக எடுக்கும் மின் சீட்டில், வண்டி எண், தூரம், அப்புறம் இரும்பு ஆலை கொடுத்த மில் சர்டிபிகேட்டில் உள்ள எண்களை அவர்களுடைய எக்செல் தாளில் மறுபடி. சரக்கு ஒன்றுதான். எண்களும் அதே எண்கள்தான்.

அடிக்கிற வேலை கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தடவை கையால் அடிக்கும்போதும் ஒரு தப்பு நுழைய வழி திறக்கிறது, அந்தத் தப்புக்கு எப்போதும் விலை கொடுப்பது நாங்கள்தான், அதுதான் விஷயம்.

ஒன்று சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் நடந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் இரண்டு புஷ் சேர்ந்த ஜோடியாக அனுப்புவோம், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, அதை செட் என்றுதான் பல வருஷமாகக் கணக்கு வைத்திருந்தோம். அந்த மாதம் ஷெட்யூலில் 600 என்று வந்தது. யூனிட் என்ன என்பதற்கு அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது. நாங்கள் வழக்கம்போல 600 செட் அனுப்பினோம். ஆனால் அவர்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் அந்த வாரம் ஐட்டம் மாஸ்டரை, அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் பொருள் பட்டியலை, திருத்தி, செட் என்பதை நம்பர் என்று மாற்றியிருக்கிறார், எங்களுக்கு ஒரு தகவல் இல்லை. இன்வாய்ஸில் செட், அவர்கள் ஆர்டரில் நம்பர். கேட்டில் ஸ்கேன் செய்ததும் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி வியாழக்கிழமை ராத்திரி போய் நின்றது, உள்ளே எடுத்தது சனிக்கிழமை மத்தியானம். டிரைவர் அண்ணனுக்கு சுகர் உண்டு, ஒரு நாளைக்கான மாத்திரைதான் கையில் எடுத்துப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினார். "ஏம்மா, பொருள் இல்லாம உள்ள லைன் நிக்குதுன்னு செக்யூரிட்டியே சொல்றாரு, நான் பொருளோட வெளிய நிக்கிறேன், என்னம்மா கணக்கு இது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. லைன் நின்றதற்கு எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட்டு எங்கள் பெயருக்கு வந்தது. அந்த மாத லாபம் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலகம் முழுக்க இப்படித்தானா, இதற்கு யாரும் வழி கண்டுபிடிக்கவில்லையா என்று. கண்டுபிடித்திருக்கிறார்கள், அதுவும் நான் பிறப்பதற்கு முன்னாலேயே. அதைப் படித்த ராத்திரி எனக்கு வந்தது கோபம்தான்.

1948-ல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் அடைத்தபோது, அந்த ஊர் மக்களுக்கு மாவு முதல் நிலக்கரி வரை விமானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள், மொத்தம் 20 லட்சம் டன்னுக்கு மேல். ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு விதமான சரக்குப் பட்டியலோடு வந்து இறங்கினால் யார் எதைக் கணக்கு வைப்பது? எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட்டும் அவரோடு இருந்தவர்களும், டெலக்ஸிலோ ரேடியோவிலோ போனிலோ எதில் அனுப்பினாலும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடிய ஒரு பட்டியல் வடிவத்தை உருவாக்கினார்கள். அதே மனிதர் பிறகு வேதிப்பொருள் கம்பெனியில் சேர்ந்து, கம்பெனிகளுக்கு நடுவே சரக்கு விவரத்தை மின்வழியில் அனுப்பும் முறைக்கு அடித்தளம் போட்டார். அமெரிக்காவில் 1979-ல் எக்ஸ்12 என்ற தரத்துக்கான குழு அமைந்தது. 1987-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் எடிபாக்ட் என்ற உலகப் பொதுத் தரம் வந்தது. ஆர்டருக்கு ஒரு வடிவம், ஷெட்யூலுக்கு ஒன்று, பொருள் கிளம்பிவிட்டது என்பதற்கு ஒன்று, இன்வாய்ஸுக்கு ஒன்று. எந்த இடத்தில் அளவு வரும், எந்த இடத்தில் தேதி வரும், எந்த எழுத்துக்கு எந்த யூனிட் என்று எல்லாமே முன்கூட்டியே பேசி வைத்தது. முதல் தடவை பார்த்தால் கூட்டல் குறியும் முக்காற்புள்ளியுமாக எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மனிதர் வாசிப்பதற்கு அல்ல, ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு சந்தேகம் இல்லாமல் பேசுவதற்கு அது.

யூனிட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் அளவைகளுக்கென்றே ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது, பரிந்துரை எண் 20 என்று பெயர். அதில் கிலோவுக்கு கே.ஜி.எம்., உருப்படிக்கு எச்87. நம் ஜி.எஸ்.டி.யில் கிலோவுக்கு கே.ஜி.எஸ்., உருப்படிக்கு என்.ஓ.எஸ். என்றும் போடலாம், பி.சி.எஸ். என்றும் போடலாம், இரண்டும் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. எங்கள் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் இ.ஏ. என்று போடுகிறார்கள். ஆக ஒரு போல்ட்டை எண்ணுவதற்கு என் மேசையில் மட்டும் நாலு பெயர். மனிதருக்கு நாலும் ஒன்றுதான் என்று புரியும். கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் புரியாது, அதற்கு எழுத்து மாறினால் பொருளே மாறிவிட்டது. அந்தச் செட், நம்பர் சமாசாரம் இவ்வளவுதான். ஒரு கட்டமும் ஒரு பொதுப் பட்டியலும் இருந்திருந்தால் டிரைவர் அண்ணன் வியாழக்கிழமை ராத்திரியே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் என் தோழி இதே வேலை பார்க்கிறாள். அவளிடம் புலம்பியபோது, "எங்களுக்கு எந்தப் பொருள் என்பதில் மட்டும் குழப்பமே வராது" என்றாள். அவர்களுக்கு சி.ஏ.எஸ். எண் என்று ஒன்று உண்டு, அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஒரு பிரிவு ஒவ்வொரு ரசாயனத்துக்கும் கொடுக்கிற எண். தண்ணீருக்குக் கூட உண்டு, 7732-18-5. எந்த நாட்டில் எந்த மொழியில் என்ன பெயர் சொல்லி விற்றாலும் டிரம்மின் மேல் அந்த எண்தான். அதன் கடைசி இலக்கம் சும்மா வந்ததல்ல என்று அவள் எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் காட்டினாள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு மற்றதை வலது பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கிக்கொண்டே வர வேண்டும். 8-ஐ ஒன்றால், 1-ஐ இரண்டால், 2-ஐ மூன்றால், 3-ஐ நாலால், 7-ஐ ஐந்தால், இன்னொரு 7-ஐ ஆறால். கூட்டினால் 105. அதன் கடைசி இலக்கம் 5, அதுவே அந்த எண்ணின் கடைசி இலக்கம். நடுவில் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது, கம்ப்யூட்டர் அங்கேயே பிடித்துவிடும். கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட் பார்கோடிலும், நம் ஜி.எஸ்.டி. எண்ணின் பதினைந்தாவது எழுத்திலும் இதே மாதிரி ஒரு காவல் இருக்கிறது, கணக்கு மட்டும் வேறு.

எங்கள் பார்ட் நம்பர்களில் அப்படி எதுவும் கிடையாது. ஒருத்தர் நடுவில் கோடு போடுகிறார், ஒருத்தர் இடைவெளி விடுகிறார், ஒருத்தருடைய நம்பரில் ஆங்கில ஓ எழுத்தும் சைபரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, டிராயிங் ரிவிஷன் மாறினால் கடைசியில் ஒரு எழுத்து மாறும், அதை எங்களுக்குச் சொல்வார்கள் அல்லது சொல்ல மாட்டார்கள். தப்பாக அடித்தால் பிடிப்பதற்கு அந்த நம்பருக்குள் ஒன்றுமே இல்லை, என் கண் மட்டும்தான். கண்ணுக்கும் வயசாகிறது.

பார்கோடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 890-ல் தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வருகிறதே, அது சரியில்லை. அந்தக் கம்பெனி தன் எண்ணை, பார்கோடு எண்களைக் கொடுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் இந்தியக் கிளையில் வாங்கியிருக்கிறது என்பதுதான் 890-க்கு அர்த்தம், பொருள் எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம். உங்கள் வாசகர்களுக்கு இதையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அதே மாதிரி, டீக்கடையில் பணம் கட்ட நாம் தினமும் ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். கட்டம் பிறந்தது கடைக்காக அல்ல, எங்களைப் போன்றவர்களின் பெட்டிக்காக. ஜப்பானில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலைகளில் ஒரு பெட்டிக்குப் பல பார்கோடுகள் ஒட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளிகள் சலித்துப்போனார்கள். 1994-ல் டென்ஸோ கம்பெனியில் மசாஹிரோ ஹாராவின் குழு எல்லா விவரத்தையும் ஒரே சதுரத்துக்குள் அடக்கியது. காப்புரிமை வைத்திருந்தும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார்கள். அப்படித் திறந்து விட்டதால்தான் இன்று நம் ஊர்ப் பூக்காரம்மா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இந்தத் தரங்கள் எல்லாம் இருந்தும் ஏன் என் மேசையில் ஐந்து போர்ட்டல்? பெரிய கம்பெனிகளும் கப்பல் கம்பெனிகளும் சுங்கத் துறைகளும் தங்களுக்குள் இந்தப் பொது மொழியில்தான் பேசிக்கொள்கின்றன. அந்த மொழி பேச சாப்ட்வேர் வேண்டும், அதை அமைக்க ஆள் வேண்டும், சின்னக் கம்பெனிக்குக் கட்டாது என்று சொல்லி எங்களுக்கு மட்டும் ஒரு இணையப் பக்கம் திறந்து கொடுக்கிறார்கள். இலவசம் என்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்றால், அவர்கள் பக்கத்தில் டேட்டா அடித்துக்கொண்டிருந்த ஆள் குறைந்துவிட்டார், அந்த வேலை அப்படியே எங்கள் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. அவர்களுக்கு எல்லாம் தானாக உள்ளே போய் விழுகிறது. அதை விழ வைப்பது நான், பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், மாதக் கடைசியில் எங்கள் ஓனர். இதை டிஜிட்டல் ஆகிவிட்டோம் என்று கூட்டம் போட்டுச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

யு.பி.ஐ.யைப் பாருங்கள். 2016-ல் வந்தது. எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும், எந்த ஆப்பாக இருந்தாலும், ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்தால் பணம் போகிறது. கோரிமேட்டில் பூ விற்கிற அம்மா வங்கிக்கு ஒரு போன் என்று நாலு போன் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்? பத்து ரூபாய்க்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடிந்த நாட்டில், ஒரு பெட்டி போல்ட்டுக்குச் செய்ய முடியாதா?

செய்ய முடியும் என்பதற்கு எங்கள் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபர் 1-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறக்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் வந்தது. அப்போது நாங்களும் உள்ளே வந்தோம். எனக்கு ஜுரமே வந்துவிட்டது, புதுசாக இன்னொரு போர்ட்டல் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நாடு முழுக்க ஒரே வடிவம், எந்தக் கணக்கு சாப்ட்வேரிலிருந்தும் போகலாம், 64 எழுத்து கொண்ட ஒரு பதிவு எண்ணும் கையெழுத்திட்ட கியூ.ஆர். கட்டமும் திரும்பி வரும். வெளிநாடுகளில் பழக்கத்தில் இருக்கும் யு.பி.எல்., பெப்போல் தரங்களைப் பின்பற்றித்தான் அந்த வடிவத்தையும் அமைத்தார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. அரசாங்கம் ஒரே வடிவம் என்று உறுதியாக நின்றதால், சாப்ட்வேர் விற்பவர்கள் எல்லாரும் அதற்கேற்ப வந்து சேர்ந்தார்கள். விற்றவர் ஜி.எஸ்.டி. எண், வாங்கியவர் எண், இன்வாய்ஸ் எண், தேதி, தொகை எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் ஐந்து வாடிக்கையாளர்களில் மூன்று பேருடைய போர்ட்டலில் அதையெல்லாம் நான் இன்னும் கையால் அடிக்கிறேன். கட்டத்தை வாசிக்க ஒரு வழி வைத்தால் போதும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பாரம் உண்டு, சென்னையில் உட்கார்ந்து திட்டம் போடுபவர்களுக்கு அது தெரியாது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. கடலூருக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிற மாதிரி போய் வருவோம், ஆனால் சட்டப்படி அது வேறு மாநிலம். ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் இரண்டுக்கும் பொருள் எல்லை தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். சாதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில், ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது நம் பொருளில் இன்னொருவர் வேலை செய்து திருப்பித் தருவதற்கு, அனுப்பினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் போட்டே ஆக வேண்டும். அரைச் சாக்கு பின்னுக்கும் ஒன்று. அந்த ஜாப் ஒர்க் சலானில் எழுதும் அதே லாட் நம்பரை, பொருள் திரும்பி வந்ததும் வாடிக்கையாளர் தாளில் மறுபடி எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவில் பாலம் கிடையாது.

லாட் நம்பர் என்பது ஒரு தொகுதிப் பொருளின் அடையாள எண், அது எந்த இரும்பிலிருந்து வந்தது என்பதோடு சேர்ந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இனி வரப்போகும் பெரிய சிக்கல் இதில்தான். இரும்பு ஆலையில் ஒரு உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றும் இரும்புக்கு ஹீட் நம்பர் என்று ஒன்று கொடுப்பார்கள். அதோடு மில் டெஸ்ட் சர்டிபிகேட் வரும், கார்பன் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று. எங்களிடம் வரும் கம்பியின் ஒரு முனையில் பெயின்ட் அடித்திருக்கும், நம்பரும் இருக்கும். கம்பியை அறுக்கும்போது அந்த முனையைக் கடைசியாக அறுக்க வேண்டும், முதலில் அறுத்துவிட்டால் மீதிக் கம்பி அநாதை, அது எந்த உலையில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி ஷிப்டில் புதுப் பையன் ஒருத்தன் அறுத்துவிட்டால் முடிந்தது கதை. அறுத்த துண்டுகள் டிரேயில் போகும், டிரேயில் ஒரு அட்டை, அட்டையில் எண்ணெய்க் கறை. இவ்வளவையும் கடந்து அந்த நம்பர் சரியாக என் மேசைக்கு வந்து சேர வேண்டும். சர்டிபிகேட்டோ வியாபாரி போனில் படம் பிடித்து அனுப்பியது, அதை நான் பெரிதாக்கிப் பார்த்து 0.41-ஆ 0.47-ஆ என்று கண்ணைச் சுருக்கி அடிக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்து அரிக்கமேட்டை நினைத்துக்கொள்வேன். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புத் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன, அவற்றில் சிலவற்றில் குயவர் பட்டறையின் முத்திரை அப்படியே இருந்தது. அரியாங்குப்பம் ஆற்றங்கரை மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு கிடந்தும், எங்கே யார் செய்தது என்று அந்த ஓடு சொல்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிய இடம்தான், அப்போது இதெல்லாம் புரியவில்லை. பொருளோடு ஒட்டிய அடையாளம் பொருள் போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும் என்பது அந்தக் குயவருக்குத் தெரிந்திருந்தது.

ஐரோப்பா இன்று அதைத்தான் சட்டமாகக் கேட்கிறது. பழைய வண்டிகளை உடைத்து மறுசுழற்சி செய்வது பற்றி 2000-ல் அங்கே வந்த விதி, ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிற குரோமியம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. அதனால்தான் எங்கள் போல்ட்டுகளின் பழைய மஞ்சள் பாஸிவேஷன், அதாவது துரு பிடிக்காமல் இருக்கப் போடும் பூச்சு, போய் மூன்று இணைதிற குரோமியம் வந்தது. வண்டியில் உள்ள ஒவ்வொரு பாகத்திலும் எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று பதிவு செய்ய ஐ.எம்.டி.எஸ். என்ற பொதுத் தரவுத்தளத்தை கார் கம்பெனிகள் சேர்ந்து அமைத்தன. இது ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே விதமாகக் கேட்கிறார்கள், அதனால் ஒரு தடவை போட்ட விவரத்தை அடுத்த வாடிக்கையாளருக்கும் அனுப்ப முடிகிறது. எவ்வளவு நிம்மதி தெரியுமா. எல்லாவற்றையும் இப்படிச் செய்யுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

அடுத்து, இரும்பு, அலுமினியம் போன்றவை செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியாயிற்று என்று ஐரோப்பாவின் எல்லையில் கணக்கு கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் அறிக்கையாகத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளுக்குப் பணமும் கட்ட வேண்டும். போல்ட்டு, நட்டு அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2027 பிப்ரவரி 18 முதல் மின்வண்டி பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். அதைக் கேட்பது அங்கே இருக்கும் கம்பெனியிடம், அது சென்னையிடம் கேட்கும், சென்னை எங்களிடம் கேட்கும். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய எக்செல் தாளில், ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று ஒரு கட்டம். இன்னொருவர் அதையே வேறு தாளில், மாத மொத்தமாகக் கேட்கிறார். ஆரம்பமே இப்படி. இப்போதே ஒரே வடிவம் என்று பேசி முடிக்காவிட்டால் இன்னும் ஐந்து தாள் என் மேசைக்கு வரும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொருள் போய்ச் சேர்ந்து, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால், சேர்ந்த நாளிலிருந்தே கணக்கு. நடைமுறையில் கம்ப்யூட்டரில் ஜி.ஆர்.என்., அதாவது பொருள் வந்து சேர்ந்தது என்ற பதிவு, விழுந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஒரு யூனிட் ஒத்துவராமல், ஒரு கோடு விட்டுப்போய் ஜி.ஆர்.என். விழவில்லை என்றால் நாள் தள்ளிக்கொண்டே போகும். டேட்டா தப்பு என்பது எங்கள் பட்டறையில் சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போவது. ஆபரேட்டர் பையன்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

நான் கேட்பது பெரிய தொகை எதுவும் இல்லை. இந்த வட்டாரத்தில் வாங்கும் பெரிய கம்பெனிகள் ஒரு மேசையில் உட்கார்ந்து, பொருள் கிளம்பும் தகவலுக்கு ஒரே ஒரு கோப்பு வடிவத்தை ஏற்றுக்கொள்ளட்டும், உலகத் தரம்தான் கையில் இருக்கிறதே. எங்கள் கணக்கு சாப்ட்வேர் அதை ஒரு பொத்தானில் கொடுத்துவிடும், இ-இன்வாய்ஸில் பார்த்தோமே. போர்ட்டல் வேண்டும் என்றால் இருக்கட்டும், கோப்பை ஏற்ற அதில் ஒரு இடம் வையுங்கள். அளவு என்று எழுதும் இடத்தில் பக்கத்திலேயே யூனிட் வரட்டும். ஐட்டம் மாஸ்டரைத் திருத்தும் முன் எங்களுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக்கும் மாவட்டத் தொழில் மையமும் இதைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு வழி செய்ய வேண்டும். ஐ.டி.ஐ. படித்து வரும் பிள்ளைகளுக்கு வெர்னியர் பிடிக்கத் தெரிகிறது, மைக்ரோமீட்டர் வாசிக்கத் தெரிகிறது, ஹீட் நம்பர் அடித்த முனையை ஏன் கடைசியில் அறுக்க வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. யூனிட் குறியீடு, ஏ.எஸ்.என்., லேபிளில் எந்தக் கட்டம் எதற்கு என்பதெல்லாம் ஒரு வாரப் பாடம், அவ்வளவுதான். நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு. எனக்குப் பிறகு இந்த மேசைக்கு வருபவர் அப்படிப் படிக்க வேண்டியதில்லை என்று ஆக வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தொழில் பக்கத்தில் வாரம் ஒரு சின்னப் பகுதி ஒதுக்குங்கள், இந்தத் தரங்களைப் பற்றித் தமிழில், எங்களுக்குப் புரிகிற மாதிரி. எழுதுவதற்கு விவரம் வேண்டுமென்றால் எங்கள் பேட்டைக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள், சனிக்கிழமை மத்தியானம் லோடு ஏற்றும் நேரத்தில் வந்தால் எல்லாவற்றையும் நேரிலேயே பார்க்கலாம். டிரைவர் அண்ணனும் இருப்பார், இப்போது மாத்திரை ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.

இப்படிக்கு,
மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டெஸ்பேட்ச் வேலை பார்க்கும் வாசகி,
புதுச்சேரி.